புதுத் தொட்டியில் மீன்கள் ஏன் சாகின்றன: முதல் ஆறு வாரத்துக்கான விவரம்

கேள்வி இது: தண்டையார்பேட்டையில் வீடு. கொளத்தூரில் 2 அடி தொட்டி வாங்கி, அன்றைக்கே கோல்டு ஃபிஷ் 2, மோலி 4, குப்பி 4, ஷார்க் 2 என்று 12 மீன்களையும் விட்டாயிற்று. ஐந்தாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சாகிறது. கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றியும் நிற்கவில்லை. எட்டாம் நாள் தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல், ஃபில்டர், பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பியாயிற்று. மறுநாளே மேலும் இரண்டு போய்விட்டன. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது, பிறகு ஏன்?

மீனுக்கு நோய் இல்லை. தொட்டி இன்னும் மீன் வாழும் நிலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். தெளிவாக இருக்கும் தண்ணீரும் விஷமாக இருக்கலாம், ஏனென்றால் மீனைக் கொல்லும் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, இந்த அளவில் வாசனையும் தெரியாது. எட்டாம் நாள் செய்த முழுக் கழுவல் நிலைமையை முதல் நாளுக்கே திருப்பிவிட்டது. அதனால் இரண்டு பகுதியாகச் சொல்கிறேன்: மிச்சமிருக்கும் மீன்களை இன்றே காப்பாற்றுவது எப்படி, பிறகு தொட்டியைப் பழக்குவது எப்படி. அதற்கு முன்னால், தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

மீன் தின்னும் தீனியில் இருக்கும் புரதம் செரித்து, செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. தின்னாமல் அடியில் கிடக்கும் தீனியும் கழிவும் அழுகி அதே அம்மோனியாவைத் தருகின்றன. ஆறு குளத்தில் இதைக் கரைத்துப் பரப்ப நிறையத் தண்ணீர் உண்டு. உங்கள் 2 அடி தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் விளிம்பு வரை நிரப்பினால்கூட 56 லிட்டர்தான். அடியில் கல்லும் மேலே ஓர் அங்குல இடைவெளியும் போனால் மிஞ்சுவது சுமார் 45 லிட்டர். அரை டீஸ்பூன் அளவு தீனி ஏறக்குறைய ஒரு கிராம். அதில் 40 சதவீதம் புரதம் என்றால் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் பாதி அம்மோனியாவாக வந்தால்கூட 45 லிட்டரில் 0.7 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.7 மில்லிகிராம், ஏறிவிடும். அதுவும் ஒரே நாளில். 12 மீன்களுக்கு நாளைக்கு இரண்டு வேளை ஒரு சிட்டிகை என்று போட்டுக்கொண்டே போனால் ஐந்தாம் நாள் என்ன ஆகும் என்பது இதிலேயே தெரிகிறது.

பழகிய தொட்டியில் இந்த அம்மோனியாவை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அவை பெருகுவது மெதுவாகத்தான். முழுச் சுழற்சியும் அமைய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். சென்னை வெயிலில் தண்ணீர் 28 முதல் 30 டிகிரியில் இருப்பதால் இங்கே சற்று முன்னாலேயே அமைவதும் உண்டு. தண்ணீரில் மிதப்பவை மிகக் குறைவு, பரப்புகளில் ஒட்டியிருப்பவையே அதிகம். ஆகவே தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா போகாது. ஃபில்டரையும் கல்லையும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்தால் போய்விடும்.

அம்மோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே மாதிரி கொல்வதில்லை என்பதும் வடசென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. தண்ணீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அவ்வளவு தீங்கில்லாதது, மற்றது செவுளை எரிக்கும் விஷ வடிவம். 30 டிகிரி வெப்பத்தில் பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7 என்றால் மொத்தத்தில் 100-க்கு ஒரு பங்குகூட விஷ வடிவமாக இருக்காது. அதே வெப்பத்தில் பிஹெச் 8 என்றால் 100-க்கு ஏழு பங்குக்கு மேல். ஒரே அளவு அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்கு விஷமாகிவிடுகிறது. நம் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, பிஹெச்சும் 7.5-க்கு மேல் நிற்கும். அத்துடன் மே மாத வெயிலும் சேர்ந்தால், ஊட்டியில் இருப்பவர் சமாளிக்கும் 1 பிபிஎம் அம்மோனியா தண்டையார்பேட்டையில் மீனைச் சாய்த்துவிடும்.

மீன் எப்போது சாகிறது என்பதை வைத்தே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். தண்ணீர் மாற்றிய ஓரிரு மணி நேரத்திலேயே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, தாறுமாறாகப் பாய்ந்தால் அது குளோரின். முதல் நாள் இரவிலோ மறுநாளோ, வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் போனால் கடைத் தண்ணீருக்கும் உங்கள் தண்ணீருக்கும் இருந்த வித்தியாசம். நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், துடுப்பை மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் நின்று, செவுள் ரத்தச் சிவப்பாக வீங்கிச் செத்தால் அம்மோனியா. மூன்றாவது, நான்காவது வாரத்தில், எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைக்கும்போது, செவுள் பழுப்பு நிறமாகி மூச்சு வாங்கிச் செத்தால் நைட்ரைட். உங்கள் மீன்கள் முதலில் அம்மோனியாவில் போயின. கடைசி இரண்டும் பெரும்பாலும் குளோரினிலும் திடீர் மாற்றத்திலும் போயிருக்க வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது. தீனியை இரண்டு நாள் அடியோடு நிறுத்துங்கள். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது, மிச்சத் தீனியில்தான் சாகும். செத்த மீனை உடனே எடுத்துவிடுங்கள், கல்லுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்து கிடக்கலாம். காற்று மோட்டாரை இரவு பகல் ஓட விடுங்கள். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 15 லிட்டர், தண்ணீரை ட்யூப் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, அதே வெப்பத்தில் உள்ள தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கோல்டு ஃபிஷையும் ஷார்க்கையும் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பணம் திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை. கோல்டு ஃபிஷ் மற்றவற்றைவிட நிறையக் கழிவு போடும், குளிர்ந்த தண்ணீர் கேட்கும். ஷார்க் என்று விற்கப்படுவது பங்காசியஸ் கெளுத்தி, ஒரு மீட்டருக்கு மேல் வளரும் மீன். இரண்டுக்கும் இந்தத் தொட்டியில் இடமில்லை.

அடுத்து உப்பு. சமையலறையில் இருக்கும் கல் உப்பு போதும். லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் 45 லிட்டருக்கு 45 கிராம், தராசில் நிறுத்து, ஒரு மக் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, மூன்று தவணையாக நான்கைந்து மணி நேரத்தில் ஊற்றுங்கள். உப்பு அம்மோனியாவை நீக்காது. அடுத்து வரப்போகும் நைட்ரைட்டிலிருந்து காப்பதற்குத்தான் இது. நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். செவுள் பழுப்பாவது அதனால்தான். உப்பில் இருக்கும் குளோரைடு அதே வாசலில் போட்டி போட்டு நைட்ரைட்டை உள்ளே விடாது. உப்பு ஆவியாகாது என்பதை மறக்காதீர்கள். 15 லிட்டர் மாற்றினால் 15 கிராம் மட்டும் சேர்க்க வேண்டும். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்ட ஊற்றும்போது உப்பே போடக்கூடாது.

நாளையிலிருந்து தினமும் அளக்க வேண்டும். சோதனைத் தாளைவிடச் சொட்டு மருந்து வகைக் கிட் நம்பகமானது. அம்மோனியா, நைட்ரைட், பிஹெச் மூன்றும் அவசியம், நைட்ரேட் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடிக் குழாயில் அளவுக் கோடு வரை தண்ணீர் எடுத்து, பாட்டிலைத் தலைகீழாகச் செங்குத்தாகப் பிடித்துச் சொட்டு விட வேண்டும். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறிவிடும். குலுக்கியபின் கிட்டில் சொன்ன நிமிடம் வரை பொறுத்திருந்து, பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்து நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் விளக்கில் பார்த்தால் அம்மோனியாவின் 0-வும் 0.5-ம் ஒன்றுபோலத்தான் தெரியும். அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5 பிபிஎம் தொட்டால் அன்றைக்கே கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் மாற்றுங்கள். 1-ஐத் தாண்டினால் பாதி. இதை இரண்டு மூன்று வாரம் சலிக்காமல் செய்தால் மீன் பிழைக்கும், பாக்டீரியாவும் வளரும். தண்ணீர் மாற்றினால் சுழற்சி தாமதமாகும் என்று சிலர் மாற்றாமல் விடுகிறார்கள். கொஞ்சம் தாமதமாகத்தான் செய்யும், ஆனால் செத்த மீனை வைத்துக்கொண்டு சுழற்சி முடிந்து என்ன பயன்?

ஃபில்டரைத் தொடாதீர்கள். முதல் ஆறு வாரத்தில் அதைக் கழுவவே கூடாது. தண்ணீர் வரத்து அடைத்துக்கொண்டால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் வைத்து அதில் பஞ்சை இரண்டு முறை பிழிந்து திரும்ப மாட்டிவிடுங்கள். பஞ்சு பழுப்பாக, வழவழப்பாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள், உங்கள் மீன்களின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். வடசென்னையில் ஒரே தெருவில் நான்கு விதத் தண்ணீர் புழங்கும், ஒவ்வொன்றின் குணமும் வேறு.

மெட்ரோ தண்ணீர், புழல் பக்கமிருந்து வந்தாலும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்தாலும், குளோரின் சேர்த்துத்தான் வரும். மீன் தொட்டிக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். குளோரினை நீக்க இரண்டு வழி. வாயகன்ற ட்ரம்மில் பிடித்து, காற்றுக் கல் (காற்று மோட்டார்க் குழாயின் நுனியில் மாட்டும் குமிழிக் கல்) போட்டு, 24 மணி நேரம் வைக்கலாம். அவசரம் என்றால் சோடியம் தயோசல்ஃபேட், ஹைப்போ என்று கேட்டால் பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். 100 கிராம் படிகத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வெளிச்சம் புகாத பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு அதில் 1 மில்லி. இது ஏறக்குறைய 1.4 பிபிஎம் குளோரினை முறிக்கும், சாதாரணக் குழாய்த் தண்ணீருக்கு இது தாராளம். ஊற்றிக் கலக்கிய ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அக்வேரியம் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்திலும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

லாரித் தண்ணீரில் குளோரின் கூடுதலாக இருக்கலாம். மூக்கில் நெடி ஏறினால் அளவை இரட்டிப்பாக்குங்கள். சம்ப்பைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் அந்தத் தண்ணீரைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அபார்ட்மெண்ட்டில் இருந்தால் வாட்ச்மேனிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை என்பதால் பலர் அதை நேராக ஊற்றுகிறார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலோரமாகப் போகப் போக நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கும். சில நூறு ரூபாய் கொடுத்து ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) வாங்கி அளந்து பாருங்கள். 600-க்குக் கீழே என்றால் கவலை இல்லை. 1000 முதல் 1500 வரை மோலி, குப்பி, பிளாட்டி சந்தோஷமாகவே இருக்கும், இவை கடினத் தண்ணீர் மீன்கள். மோலி உவர்நீரிலும் வாழும். 2000-ஐத் தாண்டினால் மெட்ரோ தண்ணீர் கலந்து இறக்குங்கள். பிடித்து வைத்த போர் தண்ணீர் சில மணி நேரத்தில் மஞ்சளாகிப் படிந்தால் அதில் இரும்பு இருக்கிறது. ஒருநாள் காற்று ஊதித் தெளிய வைத்து மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

நான்காவது கேன் தண்ணீர். மனிதன் குடிக்கும் சுத்தமான தண்ணீர் மீனுக்கும் நல்லதுதானே என்று 20 லிட்டர் கேனை இரண்டு மூன்று வாங்கி ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அன்பினால் செய்வது என்றாலும் கெடுதல்தான். கேனில் வருவது பெரும்பாலும் ஆர்ஓ தண்ணீர், அதில் கார்பனேட் உப்புகள் மிகக் குறைவு. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவுக்கு அந்தக் கார்பனேட் தேவை; ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது அந்தக் கார்பனேட் கையிருப்பு, செலவாகிறது. கையிருப்பு தீர்ந்ததும் பிஹெச் 6-க்குக் கீழே சரியும், பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும், அம்மோனியா மறுபடி ஏறும். வீட்டு ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாய்த் தண்ணீர் இதற்கு நேர் எதிர், உப்பு குவிந்தது. அதுவும் வேண்டாம்.

கல் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. வெள்ளை மார்பிள் சில்லு, சிப்பி, பவளத் துண்டு, காசிமேட்டுக் கடற்கரை மணல் இவையெல்லாம் சுண்ணாம்பைக் கரைத்து பிஹெச்சை ஏற்றும். சந்தேகமாக இருந்தால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ நான்கு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் தொட்டிக்கு ஆகாது.

இனி, மீனே இல்லாமல் தொட்டியைப் பழக்கும் முறை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மீன்கள் எல்லாம் போய்விட்டால், வருத்தம்தான், நீங்களும் இதிலிருந்தே தொடங்குங்கள்.

தொட்டியில் தண்ணீர் நிரப்பி, குளோரின் நீக்கி, ஃபில்டரை ஓட விடுங்கள். 2 அடி தொட்டிக்கு ஏர் மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று தாராளம். விலையும் குறைவு, பாக்டீரியா ஒட்ட நிறையப் பரப்பும் உண்டு, கரண்ட் போனாலும் பஞ்சு திறந்த தண்ணீரில் இருப்பதால் உடனே கெடாது. பாக்டீரியாவுக்கு உணவாக அம்மோனியம் குளோரைடு வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று கிடைப்பதும் இதுதான், ஆனால் அதன் தூய்மை எப்படி இருக்குமோ என்பதால் ஆய்வகத் தரத்தில் வாங்குவதே நல்லது. 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வையுங்கள். 45 லிட்டருக்கு அதில் 28 மில்லி ஊற்றினால் அம்மோனியா 2 பிபிஎம் வரும். அதற்கு மேல் ஏற்றாதீர்கள், அளவு மிஞ்சினால் பாக்டீரியாவே மந்தமாகிவிடும். கெமிக்கல் கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு அழுக விடலாம். வேலை நடக்கும், ஆனால் அளவு கைக்குள் நிற்காது.

ஒன்றுவிட்டு ஒருநாள் அளந்து பாருங்கள். முதல் வாரம் பெரும்பாலும் எதுவும் நகராது. பிறகு அம்மோனியா இறங்கும், நைட்ரைட் தலைகாட்டும். அம்மோனியா 0.5-க்குக் கீழே வந்ததும் மறுபடி 28 மில்லி. அடுத்த இரண்டு வாரம் நைட்ரைட் உச்சத்தில் நிற்கும், இங்கேதான் பலரும் பொறுமை இழந்து மீன் வாங்கக் கிளம்புகிறார்கள். பொறுங்கள். இன்று ஊற்றிய 2 பிபிஎம் அம்மோனியா 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் சுழியமாக இருந்தால் தொட்டி தயார். அதற்குள் நைட்ரேட் சேர்ந்திருக்கும். பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றி அதை இறக்கிவிட்டு, மறுநாள் மீன் விடலாம். மீன் வரத் தாமதமானால் பாக்டீரியா பட்டினி கிடக்காமல் இடையிடையே கொஞ்சம் அம்மோனியா கொடுங்கள்.

இந்தக் காத்திருப்பைப் பாதியாகக் குறைக்க ஒரு வழி உண்டு. நல்ல ஆரோக்கியமாகத் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், மாதக் கணக்கில் ஓடிய பஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஈரம் காயாமல், அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே பாலிதீன் பையில் போட்டு, அன்றைக்கே உங்கள் தொட்டியில் வைத்துவிட வேண்டும். கடைத் தொட்டியின் பஞ்சை நான் சிபாரிசு செய்யமாட்டேன், பல ஊர் மீன்கள் வந்துபோகும் இடம், நோயும் கூடவே வரலாம். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா சில சமயம் பலிக்கிறது, வெயிலில் கிடந்த பாட்டில் பலிப்பதில்லை. அதை நம்பி அளப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை தண்ணீர் கஞ்சித் தெளிவு போல வெண்மையாகக் கலங்கலாம். அது வேறு வகைப் பாக்டீரியா பெருகுவது, சில நாளில் தானே தெளியும். அதைப் பார்த்துப் பயந்து தொட்டியைக் கவிழ்ப்பவர்கள்தான் திரும்பத் திரும்ப முதல் நாளிலேயே நிற்கிறார்கள்.

மீன் வாங்கும்போது சாயங்காலம் போங்கள், வெயிலில் பை சூடாகாது. துடுப்பை விரித்து நீந்துகிறதா, தீனி போட்டால் பாய்ந்து வருகிறதா என்று பாருங்கள். அதே தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியில் எதையும் எடுக்காதீர்கள். அன்று வந்து இறங்கிய சரக்கு வேண்டாம், நான்கைந்து நாள் கடையில் தாக்குப்பிடித்ததைக் கேளுங்கள். கையோடு கடைத் தண்ணீரின் டிடிஎஸ் அளந்துகொண்டால் இன்னும் நல்லது. வீட்டில் பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமன்செய்து, மீனையும் தண்ணீரையும் சிறு வாளிக்கு மாற்றி, பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் உங்கள் தண்ணீர் சேருங்கள். டிடிஎஸ் வித்தியாசம் நானூறு ஐந்நூறு இருந்தால் ஒரு மணி நேரமாவது ஆகட்டும். பிறகு வலையில் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக்கூடாது. அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

முதலில் நான்கைந்து குப்பியோ மூன்று மோலியோ போதும். பத்து நாள் அளந்து பார்த்து, அம்மோனியா சுழியத்திலேயே நின்றால் மேலும் மூன்று. 45 லிட்டரில் இப்படி எட்டு அல்லது பத்து சிறு மீன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நியான் டெட்ரா, டிஸ்கஸ் இரண்டும் மென்தண்ணீர் மீன்கள், நம் பகுதியில் முதல் தொட்டிக்கு வேண்டாம். தீனி நாளைக்கு ஒருவேளை, இரண்டு நிமிடத்தில் மிச்சமின்றித் தீரும் அளவு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் தீனி டப்பா எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நீல மருந்தைப் பற்றி. மெத்திலீன் ப்ளூ நல்ல மருந்துதான், பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும் உதவும். ஆனால் ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்துக் கெடுக்கும். தொட்டியில் நேராக ஊற்றக்கூடாது. 20 லிட்டர் வாளியில் காற்றுக் கல் போட்டு, நோயுற்ற மீனை மட்டும் அதில் வைத்துக் கொடுக்க வேண்டும். மஞ்சள் தூளாக விற்கும் ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே. நோய் இன்னதென்று தெரியாமல் முன்னெச்சரிக்கையாக மருந்து ஊற்றும் பழக்கம் புதுத் தொட்டிகளைக் கெடுக்கும் பெரிய காரணங்களில் ஒன்று. ஏற்கெனவே ஊற்றியது தண்ணீர் மாற்ற மாற்ற வெளியேறிவிடும், ஃபில்டரில் கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பன் வைத்தால் சீக்கிரம் போகும்.

உடம்பில் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்து, மீன் கல்லில் போய் உரசினால் அது வெள்ளைப் புள்ளி நோய். ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்போது மருந்து எட்டாது. உதிர்ந்து தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்பி வரும். உப்பை இரண்டு நாளில் படிப்படியாக லிட்டருக்கு 2 கிராம் வரை ஏற்றி, தண்ணீரை 30 டிகிரியில் வைத்து, காற்றைக் கூட்டி, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் அப்படியே தொடருங்கள். வெயில் காலத்தில் ஹீட்டர் இல்லாமலேயே அந்த வெப்பம் வந்துவிடும். செடி இருந்தால் சில வாடும்.

வெயில் காலம் என்றதும் இன்னொன்று. தண்ணீர் சூடாக ஆக ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் கரையும், 34 டிகிரியில் 7 மட்டுமே. மீனுக்கோ சூட்டில் தேவை கூடும். மூடியைத் திறந்து வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேனைத் திருப்பிவிட்டால் இரண்டு டிகிரி வரை இறங்கும். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில், மேற்குச் சுவரை ஒட்டித் தொட்டி வைக்காமல் இருப்பதே பாதி வேலை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தோம். மூடிய வகை ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே போடாமல் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

கொசு மருந்தையும் கவனியுங்கள், காரணம் தெரியாமல் ஒரே இரவில் தொட்டி காலியாவதற்குப் பின்னால் பல நேரம் இது இருக்கும். சுவரில் செருகும் லிக்விட், காயில், பூச்சி ஸ்ப்ரே இவற்றிலுள்ள பைரெத்ராய்டு மருந்து மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே விஷம். ஏர் மோட்டார் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டே இருக்கிறது. தொட்டி இருக்கும் அறையில் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள், வலை கட்டிக்கொள்ளுங்கள். தெருவில் மாநகராட்சியின் புகை மருந்து வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, ஏர் மோட்டாரை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூடி, புகை முழுக்கக் கலைந்த பிறகு மோட்டாரைப் போடுங்கள். அரை மணி நேரம் காற்று இல்லாமல் மீன் தாங்கும், மருந்தைத் தாங்காது.

ஆறு வாரம் கடந்த பிறகு வேலை மிகக் குறைவு. வாரம் ஒருமுறை 11 அல்லது 12 லிட்டர், அதாவது ஒரு பெரிய வாளி, கல்லுக்குள் ட்யூபை விட்டு அழுக்கோடு உறிஞ்சி எடுத்து மாற்றுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த வாளித் தண்ணீரிலேயே பஞ்சைப் பிழியுங்கள். விளக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம், அதற்கு மேல் போனால் பாசிதான்.

பாசிக்காக டேங்க் க்ளீனர் என்று கடையில் சக்கர் மீனைத் தருவார்கள். விரல் நீளத்தில் வாங்குவது ஓரடிக்கு மேல் வளரும், தான் தின்னும் பாசியைவிட அதிகமாகக் கழிவு போடும். கண்ணாடியை நீங்களே பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டிவிடலாம். ஏற்கெனவே வாங்கி, வளர்ந்து, வைக்க இடமில்லை என்றால் கடையிலோ பெரிய தொட்டி உள்ளவரிடமோ கொடுத்துவிடுங்கள். இரட்டை ஏரியிலோ புழல் ஏரியிலோ கால்வாயிலோ கொண்டுபோய் விடாதீர்கள். நம் ஊர் நீர்நிலைகளில் அது பிழைத்துப் பெருகி, கெண்டையும் கெளுத்தியும் வாழ வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, வலையில் சிக்கினால் அதன் முள் வலையைக் கிழித்துவிடுவதால் மீனவர்களுக்கும் நஷ்டம்.